அளக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒருவர்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: "பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது?" மதிப்பெண் மிகுந்தால் மருத்துவம், சற்றுக் குறைந்தால் கணினிப் பொறியியல், அதுவும் எட்டாவிட்டால் ஏதேனும் ஒரு பட்டம், எதிலும் மனம் செல்லாத மகனுக்குப் பாஸ்போர்ட். குமரி மாவட்டத்தில் கோட்டாறு, இடலாக்குடி முதல் தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டினம் வரை பெரும்பாலான வீடுகளில் பேச்சு இந்த நான்கு வழிகளைத் தாண்டுவதில்லை.

ஐந்தாவதாக ஒரு வழி உண்டு. அதன் பெயரைச் சொன்னால், "சங்கிலி பிடிக்கவா பிள்ளையைப் படிக்க வைப்பது?" என்று கேட்போரும் உண்டு. நில அளவையும், அதன் இக்கால வளர்ச்சியான புவித் தகவலியலும் பற்றியே சொல்கிறோம். பட்டச் சான்றிதழில் 'ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' என்று அச்சாகும் இக்கல்வி பிழைப்புக்கு வழிகாட்டும். அத்துடன், நம் இல்லங்களில் நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கும் பல வழக்குகளுக்கும் மருந்தாகும். அது எவ்வாறு என்பதை முதலில் பார்ப்போம்.

காகிதத்தில் பங்கு, மண்ணில் எங்கே?

நம் பகுதியில் மனையைச் சென்ட் கணக்கில் பேசுவது வழக்கம். பத்து சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சதுரமாக இருந்தால் 66 அடி நீளம், 66 அடி அகலம். மொத்தம் 4,356 சதுர அடி. இந்த 66 அடி தற்செயலாக வந்ததன்று. 1620 ஆம் ஆண்டு எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த அளவைச் சங்கிலியின் நீளம் அது. அதில் நூறு கண்ணிகள். ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட நிலம் பத்து சென்ட். அதைப்போல் பத்து மடங்கு ஓர் ஏக்கர்.

இம்மனைக்கு உரியவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு மறைகிறார் என்று கொள்வோம். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்ட பின், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அதன்படி மனைவிக்கு 1.25 சென்ட், அதாவது 544.5 சதுர அடி. மகனுக்கு 4.375 சென்ட், 1,905.75 சதுர அடி. மகள் ஒவ்வொருவருக்கும் 2.1875 சென்ட், ஏறத்தாழ 953 சதுர அடி.

காகிதத்தில் கணக்கு முடிந்துவிட்டது. மண்ணில் காரியம் முடிந்ததா?

மனை சதுரமாக இருப்பதில்லை. ஒரு மூலை கூம்பியிருக்கும். ஒரு பக்கம் ஓடைக்கரையோடு வளைந்து போகும். கிணறு ஒருவர் பங்கில் விழும். பாதை இன்னொருவர் பங்கில் போகும். வாசலே இல்லாத 953 சதுர அடி மகளுக்கு எதற்குப் பயன்படும்? கயிறு பிடித்து அளந்தவர் ஒரு பக்கத்தில் இரண்டடி தவறினால் 132 சதுர அடி போயிற்று. அது தாயின் பங்கில் ஏறத்தாழ நான்கில் ஒன்று! அவர் கயிற்றை வேண்டுமென்றே தளர்த்தினார் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் இழப்பு இழப்புத்தான்.

இதனால் பல குடும்பங்களில் என்ன நடக்கிறது? "இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும்" என்று சொத்து பிரிக்கப்படாமல் கிடக்கிறது. பட்டா பாட்டனார் பெயரிலேயே நிற்கிறது. மகன் வீடு கட்டிக் குடியேறுகிறார். புகுந்த வீட்டுக்குச் சென்ற மகளின் பங்கு வாய்ச்சொல்லாக இருந்து, அடுத்த தலைமுறையில் வாய்ச்சொல்லாகக்கூட இல்லாமல் மறைந்துவிடுகிறது. அளக்கப்படாத பங்கு, நாளடைவில் கொடுக்கப்படாத பங்காகிவிடுகிறது. பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவைக்கூட அநியாயமாக எடுத்துக்கொள்வது குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த ஒரு சாண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லத் தெரிந்தவர் வேண்டாமா?

குமரி மாவட்டத்திற்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தவை. ஆகவே இங்குள்ள பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் பழைய சர்வே எண் இருக்கும். இன்றைய ஆவணத்தில் ரீசர்வே எண் இருக்கும். பத்திரத்தில் சென்ட்; பட்டாவில் ஏர், ஹெக்டேர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். மொழியும் எண்ணும் அளவும் மாறிப்போன இந்த ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அதே எல்லையை மண்ணில் காட்டக்கூடியவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

நமக்குப் புதிய கல்வி அன்று

இக்கல்வி நமக்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலிலிருந்தே 'அல்ஜிப்ரா' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அந்த நூலில் சமன்பாடுகளோடு இரண்டு பகுதிகள் இடம்பெற்றுள்ளன என்பது பலர் அறியாத செய்தி. ஒன்று, பரப்பளவு காணும் பகுதி. மற்றொன்று, வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள் நிறைந்த நீண்ட பகுதி. நிலத்தை அளப்பதும் பங்கு பிரிப்பதும் அவர் பார்வையில் ஒரே கல்வியின் இரு கைகள்.

அல் பிரூனி இன்னும் ஒரு படி மேலே சென்றார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே, ஒரு மலையின் உயரத்தையும், அம்மலையின் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக நிர்ணயிப்பது குறித்து 1025 இல் அவர் நிறைவு செய்த நூலின் நோக்கங்களுள் ஒன்று, கஸ்னி நகரிலிருந்து கிப்லாவின் திசையைக் காண்பது. வணக்கத்தின் தேவையே அங்கு அறிவியலின் தேவையாயிற்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன் என்பவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறையின் நுண்கருவிகளைப் பழுதுபார்த்தும் திருத்தியமைத்தும் பணியாற்றியவர் அவர். தலைமை அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அவருடைய கைத்திறனை மதித்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஹென்றி பாரோ வகித்த கணிதக் கருவி அமைப்பாளர் பொறுப்பு, 1843 இல் மொஹ்சின் ஹுசைனிடம் வந்து சேர்ந்தது. உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள். அவர் நம்பிய கருவிகளைச் சீராக வைத்திருந்த ஆற்காட்டுக்காரரின் பெயர் ஏட்டில் உறங்குகிறது.

குமரி முனையும் ஒரு மாபெரும் அளவையும்

இந்த மாவட்டத்துக்கும் உலக நில அளவை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களை நடந்து அளக்காமலே கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கும் பாடம். அந்த ஒரே விதியைக் கொண்டு, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அவர் நாட்டை அளந்து சென்றார். அவருடைய தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடை. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது ஏற்றும்போது அது மோதிச் சேதமுற்றது. அதையும் செப்பனிட்டுக்கொண்டு தெற்கே வந்தார். குமரி முனைக்கு அண்மையில், அவருடைய பதிவுகளில் 'புன்னே' என்று குறிக்கப்பட்ட நிலையமே அந்த மாபெரும் வில்வரையின் தென்கோடி ஆயிற்று. பின்னர் எவரெஸ்டின் காலத்தில் அது இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது.

அதனைத் தொடர்ந்து வார்டு, கானர் என்ற இரு இராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை விரிவாக அளந்து எழுதிய குறிப்புகள் இன்றும் வரலாற்று ஆய்வாளர்களுக்குத் துணை நிற்கின்றன.

அளப்பவர்களை உருவாக்க ஒரு பள்ளியும் எழுந்தது. 1794 இல் எட்டு மாணவர்களுடன் சென்னையில் தொடங்கிய அந்த நில அளவைப் பள்ளியே 1859 இல் பொறியியல் கல்லூரியாக உயர்ந்து, 1920 இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியாக விளங்குகிறது. நாடறிந்த அக்கல்லூரியின் வேர் நில அளவைதான். சங்கிலி பிடிப்பதை இழிவாகப் பேசுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் என்ன கற்கிறார்கள்?

கிண்டியில் நான்காண்டு பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. முதலாண்டில் எல்லாப் பொறியியல் மாணவர்களையும் போலக் கணிதம், இயற்பியல், கணினி. பிறகு இத்துறைக்கே உரிய பாடங்கள் தொடங்குகின்றன. அவற்றைச் சாதாரணச் சொற்களில் விளக்குவோம்.

முதலாவது, களத்தில் அளத்தல். சங்கிலியும் நாடாவும் தொடக்கம். மேடு பள்ளம் அறிய லெவல் கருவியும் அளவுக்கோலும். கோணம் அறியத் தியோடலைட். கோணத்தையும் தூரத்தையும் ஒருசேர அளந்து தானே பதிவு செய்துகொள்ளும் டோட்டல் ஸ்டேஷன். பேச்சிப்பாறை அணையின் நீர் அனந்தனார் சானல் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தானாக ஓடி வருகிறதென்றால், மைல் கணக்கான தூரத்துக்கு மிக மெல்லிய சரிவை அங்குலம் பிசகாமல் நிர்ணயித்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள்.

இரண்டாவது, பிழையை எடைபோடுதல். ஒரே தூரத்தை ஐந்து முறை அளந்தால் ஐந்து விடைகள் வரும். எதை நம்புவது? எந்த அளவும் முழுமையானதன்று என்பதை ஒப்புக்கொண்டு, உண்மைக்கு மிக நெருங்கிய விடையையும் அதில் எஞ்சியுள்ள ஐயத்தின் அளவையும் கணக்கிடும் முறையை இப்பாடம் கற்பிக்கிறது. "எனக்குத் தெரிந்தது இவ்வளவு, இதில் இத்தனை சென்டிமீட்டர் ஐயம் உண்டு" என்று நேர்மையாகச் சொல்லப் பழகுவது எந்தத் தொழிலுக்கும் அணிகலன் அல்லவா?

மூன்றாவது, பூமியின் வடிவம். பூமி முழு உருண்டையன்று. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் ஏறத்தாழ 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்த 21 கிலோமீட்டர் வேறுபாட்டையும் பூமியின் வளைவையும் மறந்தால் தொலைதூரக் கணக்குகள் தவறிவிடும். நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டே சொல்லலாம். நாகர்கோவிலிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. ஆனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சம அளவுக் கட்டங்களாக வரையப்பட்ட தட்டையான உலகப் படத்தில் அளவுகோலை வைத்து மக்காவுக்குக் கோடு இழுத்தால் 19 பாகைதான் வரும். ஐந்து பாகை வேறுபாடு! படத்தின் மீது குற்றமில்லை. உருண்டையைத் தட்டையாக்கியதன் விளைவு அது. இதைக் கற்பிப்பதே இப்பாடம்.

நான்காவது, செயற்கைக்கோள் வழி இடம் காணல். நம் கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ்., ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து குறிகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் காண்கிறது. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் தவறினால் தூரம் 300 மீட்டர் தவறும். மூன்று செயற்கைக்கோள்கள் இடத்தைச் சொல்லும். நான்காவது, நம் கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்தும். கைப்பேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். வழி கேட்க அது போதும். வேலிக்கல் நட அது உதவாது. நிலையான ஒரு தளத்திலிருந்து திருத்தம் பெற்றுச் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் காணும் முறையை மாணவர்கள் கற்கிறார்கள்.

ஐந்தாவது, வானிலிருந்து பார்த்தல். இரண்டு கண்களால் பார்ப்பதால் நமக்கு ஆழம் தெரிகிறது. அதேபோல் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த வான்படங்களைக் கொண்டு மலையின் உயரத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் கணக்கிடலாம். இன்று டிரோன்கள் அப்படங்களைச் சில மணி நேரத்தில் எடுத்துத் தருகின்றன. செயற்கைக்கோள்களோ நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்கின்றன. தண்ணீர் அவ்வொளியை உறிஞ்சிக்கொள்வதால் குளம் கருமையாகத் தெரியும். செழித்த பயிர் அதைத் திருப்பி அனுப்புவதால் பளிச்சிடும். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் எது நிறைந்திருக்கிறது, எதனை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது, எதன் கரை சுருங்கியிருக்கிறது என்பதை ஆண்டுவாரியாக ஒப்பிடலாம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகிய நீர்நிலைத் தொகுதிகள் 2022 இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ள நிலையில், இவ்வேலைக்கு இங்கேயே தேவை இருக்கிறது.

ஆறாவது, இவையனைத்தையும் அடுக்கடுக்காக ஒரே படத்தின் மேல் வைத்துக் கேள்வி கேட்கும் ஜி.ஐ.எஸ். என்னும் புவியியல் தகவல் முறை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் தாக்கியதை இம்மாவட்டம் மறக்கவில்லை. மணக்குடிப் பாலமே பெயர்த்தெறியப்பட்டது. நிலத்தின் உயரம் ஓர் அடுக்கு. வீடுகள் ஓர் அடுக்கு. சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் தனித்தனி அடுக்குகள். "கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டருக்குக் கீழே எத்தனை வீடுகள் உள்ளன? அவர்கள் மேட்டுநிலம் செல்ல எது குறுக்கு வழி?" என்று கேட்டால் இம்முறை விடை சொல்லும். இத்தகைய விடைகள் ஆபத்துக்கு முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டியவை.

நம் மாவட்டத்திலிருந்து விண்ணுக்கு

"இதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது" என்று எண்ண வேண்டியதில்லை. தக்கலை அருகே குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் உயர்கல்வி நிறுவனம் உருவாக்கிய 'நியூசாட்' என்ற 15 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோள், 2017 ஜூன் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-38 ஏவூர்தியில் விண்ணுக்குச் சென்றது. அதே ஏவூர்தியின் முதன்மைப் பயணி, நிலப்படம் எடுக்கும் கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள். பயிர்நிலையைக் கண்காணிக்கவும், பேரிடர்க் காலத்தில் உதவவும் படம் எடுப்பதே நியூசாட்டின் நோக்கம். அதனோடு தொடர்புகொள்ளும் தரைக்கட்டுப்பாட்டு நிலையமும் அந்நிறுவனத்தின் வளாகத்திலேயே அமைக்கப்பட்டது. நம் கிராமத்துப் பேருந்து செல்லும் பாதையில் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கே, எப்படிச் சேர்வது?

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் வழியாகப் பி.இ. படிப்பில் சேரலாம். முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 இல் பொறியியலுக்கும் விரிவாக்கப்பட்டது. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சிவில் பொறியியல் பட்டத்திலும் நில அளவை ஒரு பாடம். அதை முடித்து மேற்படிப்பில் இத்துறைக்கு வருபவர்கள் பலர். புவியியல், நிலவியல் பட்டதாரிகளுக்கும் முதுநிலையில் கதவு திறந்திருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை உள்ளது. நமக்கு மிக அருகில், திருவனந்தபுரம் மாவட்டம் வலியமலையில் 2007 இல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்துறையில் எம்.டெக். படிக்கலாம். அதற்கு வழியாகும் கேட் தேர்வில் 2022 முதல் இத்துறைக்கெனத் தனித்தாளே வந்துவிட்டது.

நான்காண்டுப் படிப்புக்கு வசதியில்லாத வீடுகளுக்கும் வழியுண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் 'சர்வேயர்' என்ற தொழிற்பிரிவு உண்டு. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிப்பவர்களும் நில அளவை கற்கிறார்கள். இத்தகுதிகளைக் கொண்டு அரசின் நில அளவர், வரைவாளர் பணிகளுக்குரிய தேர்வாணையத் தேர்வை எழுதலாம்.

தேராதூனில் 1966 முதல் இயங்கிவரும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், 2007 முதல் தொலைவழிப் பாடங்களையும் நடத்தி வருகிறது. அவற்றுள் இணையவழி இலவசப் பாடங்களும் உண்டு. இஸ்ரோவின் 'புவன்' தளமும், 'க்யூ.ஜி.ஐ.எஸ்.' என்ற இலவச மென்பொருளும் வீட்டுக் கணினியிலேயே பழகக் கிடைக்கின்றன. கல்லூரியில் சேருமுன்பே தம் ஊரின் குளங்களையும் தெருக்களையும் ஒரு மாணவர் தாமே படமாக்கிப் பார்க்கலாம். இப்படிப்பு தமக்கு ஏற்றதா என்பதை அறிய அதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

வேலையும் அதன் கடினமும்

2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் புதிய நெறிமுறைகள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நிலப்படம் தயாரிக்க வழி திறந்தன. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அண்டை மாநிலமான கேரளம் 2022 நவம்பர் 1 அன்று தன் கிராமங்களை டிஜிட்டல் முறையில் மறுபடியும் அளக்கத் தொடங்கியது. சாலை, இரயில், மின்தடம், துறைமுகம், வேளாண் காப்பீடு என எங்கும் நிலப்படம் தேவைப்படுகிறது. வளைகுடாவுக்குச் சென்ற நம்மவர்கள் எந்தக் கட்டுமானத் தளத்திலும் முதலில் காலடி வைப்பவர் சர்வேயர் என்பதைக் கண்டிருப்பார்கள். 2010 இல் திறக்கப்பட்ட, 828 மீட்டர் உயரமுள்ள துபாய் புர்ஜ் கலீஃபா செங்குத்தாக எழுகிறதா என்பதைச் செயற்கைக்கோள் அளவீட்டின் துணையோடு சரிபார்த்துக்கொண்டே கட்டினார்கள். அதே நாட்டில் உடலுழைப்புக்குச் செல்பவரின் ஊதியமும், அளக்கத் தெரிந்து செல்பவரின் ஊதியமும் ஒன்றாகா.

ஆயினும் தேனும் பாலும் ஓடும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. களப்பணி வெயிலிலும் சேற்றிலும் நிற்க வைக்கும். தனியார் நிறுவனங்களில் தொடக்க ஊதியம் பலருக்கு ஏமாற்றமளிக்கலாம். இப்பட்டத்தின் பெயரே தெரியாத முதலாளிகளும் உண்டு. படங்களைப் பார்த்துக் கோடு வரையும் எளிய வேலைகளைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது. ஆகவே கணிதமும் கணினி நிரல் எழுதுவதும் கைவந்தவர்களே முன்னேறுவார்கள். பிள்ளைக்குக் கணிதத்தில் விருப்பம் இல்லையென்றால் இத்துறைக்குள் தள்ள வேண்டாம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்துறையின் பெரும்பகுதி இன்று கணினியின் முன்னமர்ந்து செய்யும் ஆய்வுப் பணி. அதற்காகப் பெண்களைக் களத்திலிருந்து ஒதுக்கச் சொல்லவில்லை; நில அளவர்களாகப் பணிபுரியும் பெண்கள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் மிகுதியும் இழப்பவர்கள் பெண்களாக இருக்க, புலப்படத்தை விரித்து "என் உம்மாவின் பங்கு இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை" என்று சொல்லத் தெரிந்த மகள் ஒரு வீட்டில் இருப்பது எத்தகைய பாதுகாப்பு!

வக்ஃபு நிலங்களும் நம் கடமையும்

தனி வீட்டுக்கு உரியது பொதுச் சொத்துக்கும் பொருந்தும். பள்ளிவாசல், கபர்ஸ்தான், தர்மத்துக்காக முன்னோர் விட்டுச்சென்ற தோப்பு, கடை, மனை ஆகியவற்றின் எல்லை நம் கையில் எந்த வடிவில் இருக்கிறது? பெரியவர் ஒருவரின் நினைவிலா, மங்கிப்போன காகிதத்திலா? 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு தொடங்கிய 'உமீத்' தளத்தில் வக்ஃபு சொத்துகளின் விவரங்களை இருப்பிடக் குறிப்புடன் பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. 2025 ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எந்தச் சட்டம் இருந்தாலும், எந்த நீதிமன்றத்தில் நின்றாலும், அளந்து வைத்திருப்பவரின் சொல்லுக்கே எடை உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்திலும் இக்கல்வி கற்ற இருவர் இருந்தால், கூலிக்கு ஆள் தேடி அலைய வேண்டிய நிலை வராது.

இன்றே செய்யக்கூடியவை

படிப்பு நான்காண்டு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு. முதலாவதாக, உங்கள் வீட்டு மனையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் பட்டாவையும், எஃப்.எம்.பி. என்று வழங்கும் புலப்படத்தையும் பார்வையிடலாம். இரண்டாவதாக, மலையாளத்தில் உள்ள பழைய பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே அவற்றைத் தமிழில் எழுதி வாங்கி, மூலத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவதாக, எல்லைக்கற்கள் நிற்கின்றனவா என்று பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். நான்காவதாக, வாரிசுப் பங்கை ஆலிம்களிடம் கேட்டறிந்த உடனேயே, அதனை நில அளவரைக் கொண்டு மண்ணிலும் பிரித்துக் கல் நட்டு, உட்பிரிவு செய்து பட்டா மாற்றிவிடுங்கள். வாப்பா மறைந்த துயரம் ஆறாத வீட்டில் இதைப் பேசுவது கடினம்தான். பத்தாண்டு கழித்து உடன்பிறந்தவர்கள் நீதிமன்றப் படிக்கட்டில் சந்தித்துக்கொள்வது அதைவிடக் கடினம்.

ஐந்தாவதாக, அடுத்த முறை தேர்வு முடிவு வந்து, கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற மகனோ மகளோ உங்கள் முன் நிற்கும்போது, வழக்கமான நான்கு வழிகளோடு இந்த ஐந்தாவது வழியையும் அவர்கள் முன் வையுங்கள். விருப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும். உரியவருக்கு உரியதை ஓர் அங்குலமும் குறையாமல் அளந்து கொடுக்கும் தொழில், கண்ணியமான தொழில். அதைக் கற்ற பிள்ளை, தன் வீட்டின் அமானிதத்தோடு அடுத்த வீட்டின் அமானிதத்தையும் காத்துத் தரும்.